எது சோத்துக்கை?

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஜமுனாமரத்தூரில் எங்கள் வாராந்திர முகாம் நடக்கும் கூடத்தில் பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். பதினெட்டுப் பேர் நாற்காலியில், ஒருவர் தரையில். என் போனில் ஷாகிதா அக்காவின் பெயர் வந்தது. எடுத்தவுடன், "எங்க இருக்கீங்க? பத்தொம்பது பேர் உக்காந்துகினு இருக்காங்க" என்றேன். பேசியது அவருடைய தம்பி. விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார். வாணியம்பாடியிலேயே, ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜீப் ஆலங்காயத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பும். அக்கா வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து அதில் ஏறிக்கொள்வார். அன்று ஏழு ஐந்துக்கு டிரைவரிடம், "போலாம், அவங்க பஸ்ல வரட்டும்" என்றேன். ஐந்து நிமிடம்தான் காத்திருந்தேன். மலை ஏறும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்போது அவர் உயிரோடு இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவை என்னைவிட அதிக நாள் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷாகிதா, பிசியோதெரபிஸ்ட், வயது நாற்பத்து மூன்று. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்கு நான்கு வருடமாக மலை மேல் புதன்கிழமைதோறும் பயிற்சி கொடுத்தார். நான் அதே குழுவில் பயோமெடிக்கல் எஞ்சினியர், ஆலங்காயத்துக்காரன். அவர் கையால் செய்வதை நான் கருவியால் அளந்தேன். இரண்டரை வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அதில் பாதி நேரம் சண்டை.

அந்தப் பத்தொன்பது பேரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை. எழுந்து நின்று, "ஷாகிதா அக்கா இறந்துட்டாங்க. இன்னிக்கு முகாம் இல்ல" என்றேன். யாரும் அழவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் பேசினார்.

"எப்ப எடுக்குறாங்க?"

"அஞ்சு மணி ஆவும்."

"இப்ப ஒம்போது தான. நாங்க இருட்டுல கெளம்பி நடந்து வந்தோம். எங்கள பாத்துட்டுப் போ சார்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பது அதைவிடக் கோபமாக இருந்தது. எங்களோடு வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர் செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயை விரித்தார். நான் சென்சார்களை எடுத்தேன். கருவியின் ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டேன். கையைத் தூக்கச் சொல்லும் குரல் அதில் அக்காவுடையது. முதல் முறையாக நானே சொன்னேன். இரண்டாவதாக வந்தவர், "இன்னா சொன்ன? மெதுவா சொல்லு பா, ஜீப்பா போயிடப்போவுது" என்றார்.

ஜீப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அக்காவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. நான்கு வருடம், வாரம் தவறாமல், ஏறும்போது ஒருமுறை வாந்தி. மாத்திரை போட்டால் நாளெல்லாம் தூக்கம் வருகிறது என்று போடமாட்டார். ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் சேகர் அண்ணன் திருப்பும்போதெல்லாம் அவரும் திருப்பினார். சேகர் அண்ணன் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே ஓட்டுறதுன்னா சொல்லுங்க, நான் பின்னால போய் படுத்துக்கிறேன்" என்றார்.

அக்கா விடவில்லை. "ஓட்டுறவனுக்கு ஏன் வாந்தி வர்றதில்ல? வண்டி எப்ப திரும்பும்னு அவன் மூளைக்கு முன்னாடியே தெரியும். கைக்கு 'திருப்பு'ன்னு உத்தரவு போடும்போதே, இப்ப ஒடம்பு இந்தப் பக்கம் சாயும்னு தனக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சிக்குது. அப்புறம் காதுக்குள்ள இருந்து சேதி வந்தா, 'தெரியும் போ'ன்னுடுது. எனக்கு அந்த நகல் இல்ல. அதான் நான் போலி நகல் போட்டுக்கிறேன்."

சரியான விளக்கம். நான் கல்லூரியில் இதை நான்கு சமன்பாடுகளாகப் படித்தேன். ஆனால் போலி நகல் வேலை செய்யவில்லை. ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து ஏறும்போது, "இந்த வளைவு நான் லேட்டா திருப்பிட்டேன்" என்றார். அடுத்த வாரமும் செய்தார். அதற்கடுத்த வாரமும். கடைசி மாதங்களில் ஒன்பதாவது வளைவு வரை தாங்கினார். இதை முன்னேற்றமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் வாதாடினார்.

அவரை நான் புனிதராக்கப் போவதில்லை. படிவங்களை அரைகுறையாகத்தான் நிரப்புவார். தேதி இருக்காது. "கொஞ்சம் தேவலாம்" என்று எழுதி வைப்பார். கொஞ்சம் என்றால் எத்தனை டிகிரி என்று கேட்டால், "போன வாரத்துக்கு இந்த வாரம்" என்பார். என் கருவியையும் முதல் ஒரு வருடம் அவர் மதிக்கவே இல்லை. ஒரு பெண்மணியின் முன்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று சொன்னார். நான் சென்சாரை ஒட்டினேன். தசை அசையவில்லை, ஆனால் மூளையிலிருந்து கட்டளை அதுவரை வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத அளவு மின்சாரம், திரையில் சின்னச் சின்ன முட்களாகத் தெரிந்தது. அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு அந்த ஃபைலில் "இயந்திரம் சொன்னதுதான் சரி" என்று எழுதி, கீழே பெயர் போட்டு, "போட்டோ எடுத்து வெச்சிக்கோ. இன்னொரு தடவ எழுத மாட்டேன்" என்றார். வைத்திருக்கிறேன்.

என் கருவியைப் பற்றி ஒரு பத்தி அவசியம். இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. கையை அசைக்க வேண்டும் என்று நினைத்தவுடன் மூளையின் மேல்பரப்பில் ஒரு பகுதி கட்டளை அனுப்புகிறது. அது கீழே இறங்கி, கழுத்துக்குச் சற்று மேலே பக்கம் மாறி, தண்டுவடம் வழியாகத் தசைக்கு வருகிறது. அதனால்தான் இடப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் வலக்கை விழுகிறது. (அக்கா இதை ஒரு நோயாளியின் தாயிடம் விளக்கியபோது அந்தம்மா, "அப்ப தைலத்த தலையில எந்தப் பக்கம் தேய்க்கணும்?" என்று கேட்டார். "தலைய வுட்டுடும்மா, கையத் தேய்" என்றார் அக்கா.) கட்டளை தசைக்குக் கொஞ்சமாவது வருகிறதா என்பதைத்தான் நான் அளந்தேன். விழுந்த கையில் சென்சாரை ஒட்டுவோம். கையைத் தூக்கச் சொல்லும் குரல் கேட்கும். சிக்னல் இருந்தால் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் இடம். இல்லாவிட்டால் ஒரு ஊன்றுகோலும் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு உதவியும், அதோடு ஃபைல் மூடப்படும். இடங்கள் குறைவு. அந்த முடிவைக் கருவி எடுத்தது என்று சொல்வோம். எடுத்தவன் நான்.

அந்தக் குரலில்தான் தவறு. முதலில் "உங்கள் வலது கையை உயர்த்தவும்" என்று வைத்திருந்தேன். மலைக் கிராமத்து ஆட்கள் அதைக் கேட்டு ஒரு கணம் யோசித்தார்கள். எனக்கு அந்த ஒரு கணம் பொறுக்கவில்லை. அளவு கெடுகிறது, வரிசை நீள்கிறது. நம் ஊர்ச் சொல்லையே வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வலது கை என்பதற்கு சோத்துக்கை. இடது கைக்கு நம் பக்கத்தில் ஒரு சொல் உண்டு, உங்களுக்கே தெரியும். பதிவு செய்யும்போது அக்கா மைக்கை வைத்துவிட்டார்.

"அத நான் சொல்ல மாட்டேன் பா."

"ஊர்ல எல்லாரும் சொல்றது தான அக்கா."

"சொல்றாங்க. மெஷின்ல பதிஞ்சி வெச்சி நூறு பேருக்குப் போட்டுக் காட்டுறதில்ல. எங்க அத்தா கேட்டா வூட்ல சேக்க மாட்டாரு."

அதனால் இடதுக்கு "இடது கை" என்றே இருந்துவிட்டது. வலதுக்கு மட்டும் அக்காவின் குரலில், "சோத்துக்கைய மெதுவா மேல தூக்குங்க". கேட்க இனிமையாக இருந்தது. யாரும் யோசித்து நேரம் கடத்தவில்லை. வரிசை வேகமாக நகர்ந்தது. எனக்குப் பெருமை.

ஒன்றேகால் வருடம் அப்படியே ஓடியது. போன நவம்பரில் ஒரு புதன்கிழமை, சாப்பிட்ட கையோடு அக்கா ஒரு கட்டு ஃபைலைக் கொண்டுவந்து என் லேப்டாப்பின் மேலேயே வைத்தார்.

"இன்னா இஞ்சினியரே, உன் மெஷினுக்கு ஒரு காது செவுடா?"

"கைய எடுங்க அக்கா, ஸ்கிரீன் ஒடையும்."

"சிக்னல் இல்லன்னு நீ மூடுன ஃபைல் பதினொன்னு. பதினொன்னும் வலப்பக்கம் வுழுந்தவங்க. இடப்பக்கத்துல ஒருத்தர் கூட இல்ல. அடைப்பு இன்னா பக்கம் பாத்தா வருது?"

"கொஞ்சம் பேரு தான அக்கா. தற்செயலா இருக்கலாம்."

"தற்செயல்னு நான் உங்கிட்ட சொல்லியிருந்தா நீ ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அன்று கேபிளை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினேன். ஒரு வாரம் முழுக்கக் கருவியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை.

அடுத்த புதன்கிழமை அந்தப் பதினொரு பேரில் ஒருவரான கோவிந்தனை வரச் சொன்னோம். சாமை போடுகிற விவசாயி, வயது முப்பத்தெட்டு, பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். கூடவே மனைவி மல்லிகா. வழக்கமாகச் சோதனை நடப்பது துணித் திரைக்கு அந்தப் பக்கம். சட்டையைக் கழற்ற வேண்டியிருப்பதால் அந்த மறைப்பு. செல்வி உள்ளே சென்சார் ஒட்டுவார். பிளக் பாயின்ட் இருக்கும் சுவரோரம் நான் லேப்டாப்பைப் பார்த்தபடி இருப்பேன். அக்கா கூடத்தின் மறுகோடியில் புதிதாக வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று மட்டும் மூன்று பேரும் உள்ளே நின்றோம்.

குரல் கேட்டது. கோவிந்தன் உடனே கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் நேராக. இடது கையை. சென்சார் ஒட்டிய வலது கை மடியில் கிடந்தது.

"அண்ணே, சோத்துக்கைய தூக்கச் சொன்னா எதுக்கு இத தூக்குறீங்க?" என்றேன்.

"இது தான சோத்துக்கை."

"சோத்துக்கைன்னா வலது கை."

"இருந்துச்சி. ஒன்ற வருசமா இதால தான் துன்றேன். அப்ப எது சோத்துக்கை? நீயே சொல்லு."

மல்லிகா சிரித்தார். "அந்தக் கைக்கு சோறு காட்டியே ஒன்ற வருசம் ஆவுது சார்."

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி, "எல்லாரும் இப்பிடித்தான் சார் தூக்குனாங்க" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. மெஷினுக்கு அந்தக் கையிலர்ந்து தான் கரண்ட் போவுமோன்னு நெனச்சேன்."

செல்வியின் மேல் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் தோளைத் தட்டி, "அவ பாத்தா. நீ பாக்கல. நானும் பாக்கல, அந்தக் கோடியில சீட்டு எழுதிகினு இருந்தேன்" என்றார். பிறகு கோவிந்தனின் வலது கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கை அண்ணே. தூக்க வேணா. தூக்கணும்னு நெனைங்க, போதும்" என்றார். கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறாவது விநாடியில் திரையில் முட்கள் எழுந்தன. சின்ன முட்கள்தான். ஆனால் இருந்தன. பதினொரு மாதத்துக்கு முன்பு அவரை முதலில் சோதித்து ஃபைலை மூடியபோதும் இருந்திருக்கும். அதைவிடப் பெரிதாகவும் இருந்திருக்கலாம்.

அன்று மாலை ஜீப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் சொல்லு தப்பில்ல பா. அந்தச் சொல்லு தான் நோயவே காட்டிக் குடுத்துச்சி. கை செத்துப்போவல. வேலைக்கி வரல, அவ்ளோ தான். வேலைக்கி வராதவன் சீட்ட மூளை காலியா வெக்காது, பக்கத்துல இருக்குறவனத் தூக்கி ஒக்கார வெச்சிடும். பேரு கூட மாத்திடும் பாரேன்." உண்மையும் அதுதான். விழுந்த கை ஆரம்பத்தில் முயன்று தோற்கிறது. நல்ல கை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. பழைய வழித்தடத்தில் போக்குவரத்துக் குறையக் குறைய, மூளையில் அந்தக் கைக்கான இடமும் சுருங்குகிறது. அடிபட்ட மூளை புது வழி தேடும் வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம். பிறகு குறையும். நின்றுவிடாது, ஆனால் குறையும். அந்த மாதங்களைத்தான் பதினொரு பேரிடமிருந்து எடுத்துவிட்டேன்.

பதிவை மாற்றினோம். "சென்சார் ஒட்டியிருக்குற கைய தூக்குங்க" என்று அக்காவே மறுபடி பேசிக் கொடுத்தார். கோவிந்தனுக்கு அவர் செய்த வைத்தியம் ஒரு துணிப்பை. இடது கையை அதில் விட்டு மணிக்கட்டில் முடிச்சு, நாளைக்கு மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் எது செய்தாலும் வலது கையால்தான். நான்காம் நாள் மல்லிகா அக்காவைப் போனில் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, கையில பையக் கட்டிகினு ஆளு ஊரெல்லாம் உங்களத் திட்டிகினு திரியுது."

"வாய் நல்லா வேல செய்யுதுல்ல? திட்டட்டும். பைய மட்டும் அவுக்காத. நான் டாக்டரு இல்ல, பிசியோ."

"சரிங்க டாக்டரம்மா."

ஜனவரிக் கடைசியில் கோவிந்தன் கூடத்தில் எங்கள் முன்னால் சாமைச் சோற்றை வலது கையால் அள்ளினார். பாதி மடியில் விழுந்தது. மீதியில் பாதி மூக்கில் பட்டது. கொஞ்சம் வாய்க்குப் போனது. இவ்வளவுதான். ஏர் பிடிக்கவில்லை, மரம் ஏறவில்லை. பதினொரு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பதினொரு பேரில் ஆறு பேரை ஜனவரி முடிவதற்குள் மறுபடி சோதித்தோம். நான்கு பேருக்குச் சிக்னல் இருந்தது, இரண்டு பேருக்கு இல்லை. ஆறு குடும்பத்திடமும் அக்கா சொன்னது: "அப்ப மெஷின் கெட்டுப் போயிருந்துச்சி. இப்ப சரி பண்ணிட்டோம்." மெஷின் கெடவில்லை. அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அப்படிச் சொன்னபோதெல்லாம் நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது. இதை நேர்த்தியாகச் சொல்ல வேறு வழியில்லை.

மீதி ஐந்து பேர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். முகாமுக்கு வர முடியாதவர்கள். ஜீப் ஓரளவு வரை போகும், பிறகு நடை. கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருமாறு அக்கா என்னிடம் மூன்று முறை கேட்டார். முதல் முறை பேட்டரி சரியில்லை என்றேன். இரண்டாம் முறை அறிக்கை கொடுக்கும் வாரம் என்றேன். மூன்றாம் முறை, பிப்ரவரி நான்காம் தேதி, முகாம் முடிந்து இறங்கும்போது. சேகர் அண்ணனும் இருந்தார்.

"அடுத்த புதன் முகாம் முடிஞ்சதும் அங்கயே தங்கிடலாம். வியாழக்கிழமை அஞ்சு பேரையும் பாத்துடலாம்."

"பாக்கலாம் அக்கா."

"பாக்கலாம்னா?"

"நேரம் இருந்தா வர்றேன்."

அவர், "ஆறு பேருக்கு மெஷின் மேல பழி போட்டேன். மெஷின் பேசாது, அதான் சுலபம். இந்த அஞ்சு பேருக்கு நான் சொல்ல மாட்டேன் பா. நீ வந்து உன் வாயால சொல்லு. திட்டுனா வாங்கிக்கோ. நானும் பக்கத்துல தான் இருப்பேன்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேகர் அண்ணன் மட்டும், "அக்கா, வளைவு வருது, கையப் புடிங்க" என்றார். அக்கா இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்தார். ஆலங்காயத்தில் நான் இறங்கும்போது, "போய்ட்டு வர்றேன்" என்றேன். "யோசிச்சி வை" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அடுத்த புதன்கிழமைதான் பிப்ரவரி பதினொன்று. ஜமுனாமரத்தூர்க் கூடத்தில் கடைசி ஆளைப் பார்த்து முடிக்க மணி ஒன்றரை ஆகிவிட்டது. அடக்கத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காவின் தம்பி என்னைப் பார்த்து, "நீங்க தான் இஞ்சினியரா? ராத்திரி சாப்புடும்போது கூட சொல்லிகினு இருந்தா. வியாழக்கிழமை லீவு போட்டுட்டேன், அவன இஸ்துகினு போவணும்னு" என்றார். நான் தலையாட்டினேன். மற்றவர்கள் போட்டதுபோல் மூன்று பிடி மண் போட்டேன். அக்காவின் பயணப் பைக்குள் துணிமணியோடு அந்த ஐந்து பேரின் ஃபைல்களும் இருந்தன. தம்பி அவற்றை என்னிடம் கொடுத்தார். முதல் முறையாக எல்லாப் பக்கத்திலும் தேதி இருந்தது. வியாழக்கிழமைத் தேதி. முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

அதன் பிறகு இரண்டு புதன்கிழமை போய்விட்டன. நான் போகவில்லை. இரங்கல் கூட்டம், இந்த நினைவு மலருக்குக் கட்டுரை, புதிய பிசியோ எப்போது வருவார் என்ற கடிதப் போக்குவரத்து. எல்லாமே நியாயமான காரணங்கள். பேட்டரியும் நியாயமான காரணம்தான். நானே முடிவு செய்து அசைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நான், ஒரே ஒரு கட்டளையைத் தன் காலுக்கு அனுப்ப முடியாமல் இரண்டு வாரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் எந்த அடைப்பும் இல்லை. ஸ்கேன் எடுத்தால் சுத்தமாக இருக்கும்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியவை என்று எழுதச் சொன்னார்கள். ஒரு போட்டோ, ஐந்து ஃபைல், ஆளிடம் பேசும்போது அவர் கையைத் தொட்டுப் பேசும் பழக்கம், அதுவும் இப்போதுதான் வருகிறது. மற்றதைச் செய்துவிட்டுத்தான் சொல்ல முடியும். ஆகவே செய்யப் போவது:

1. வரும் புதன்கிழமை முகாம் முடிந்து மலையிலேயே தங்குவேன். சேகர் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. செல்வியும் வருகிறார்.

2. வியாழக்கிழமை ஐந்து வீடு. எதிலும் லேப்டாப்பை முதலில் திறக்க மாட்டேன். ஆளின் இரண்டு கையும் தெரியும்படி எதிரில் உட்காருவேன். செல்வி எதைப் பார்த்தார் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

3. சென்சார் ஒட்டுவதற்கு முன் சொல்வேன்: மெஷின் கெடவில்லை, சொல் தப்பு, சொல்லை வைத்தது நான், பார்க்காமல் ஃபைலை மூடியதும் நான். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்வேன். திட்டினால் நடுவில் விளக்கம் கொடுக்க மாட்டேன்.

4. ஏற்கெனவே பார்த்த ஆறு வீட்டுக்கும் இதையே போய்ச் சொல்வேன். கோவிந்தன் நன்றாகத் திட்டுவார் என்பது தெரியும்.

5. யார் கையில் சிக்னல் இருந்தாலும், புது பிசியோ வரும்வரை காத்திருக்காமல் அன்றே துணிப்பையைக் கட்டிவிட்டு வருவேன். பை ஐந்து தைத்து வாங்கிவிட்டேன்.

6. கடைசி வீட்டுக்காரரின் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "எங்கப்பா கையில உயிர் இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு சார்." அவருக்குக் கை விழுந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. தெரியாது என்று அவளிடம் சொல்வேன். பிறகு அவர் வலது கையை என் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கை என்று சொல்லிவிட்டு, எண்ணாமல் உட்கார்ந்திருப்பேன்.